பெரியாஸ்பத்திரி வாசலில் நான்கு நொடி

அந்தோணிராஜின் முகம் திண்டுக்கல்லில் பாதிப் பேருக்குத் தெரியாது. குரலைத் தெரியாதவர்கள் ஒரு காலத்தில் கிடையவே கிடையாது. ஜீப்பின் தலையில் இரண்டு குழாய் ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு, முன்சீட்டில் மைக்கோடு உட்கார்ந்துவிடுவார். தியேட்டரில் படம் மாறியதும் ஜவுளிக்கடையில் ஆடித் தள்ளுபடி போட்டதும் ஊருக்கு அவர் சொல்லித்தான் தெரியும். வண்டி ஓட்டியவர் மலைச்சாமி, எட்டு வயது மூத்தவர். பத்தொன்பது வருடம் இருவருக்கும் ஒரே வண்டி, ஒரே டீக்கடை, ஒரே பீடிக்கட்டு.

பாதை மாறவே மாறாது. பஸ் ஸ்டாண்டில் கிளம்பி, மணிக்கூண்டைச் சுற்றி, பெரியாஸ்பத்திரி வழியாக வந்து, பேகம்பூரைத் தாண்டி நாகல்நகரில் முடியும். ஆஸ்பத்திரி மதில் கண்ணில் பட்டதும் மலைச்சாமி இடது கையால் வண்டியின் முன்பலகையில் இரண்டு தட்டு தட்டுவார். டக் டக். எப்பேர்ப்பட்ட வசனத்தின் நடுவில் இருந்தாலும் அந்தோணிராஜ் மைக்கை அணைத்துவிடுவார். தொழுகை நேரத்துப் பள்ளிவாசல், பரீட்சை நடக்கிற பள்ளிக்கூடம், வாசலில் பந்தல் போட்ட இழவு வீடு எல்லாவற்றுக்கும் அதே இரண்டு தட்டுதான். சட்டத்தில் அப்படி இருந்ததோ என்னவோ, இவர்கள் படித்ததில்லை.

ஒருமுறை ஒரு ஜவுளிக்கடை முதலாளி சத்தம் போட்டார். "ஆஸ்பத்திரி வாசல்லதான்யா கூட்டமே நிக்குது. அங்கன போயி வாய மூடுறியே!"

"உள்ள படுத்திருக்கவன் சேலை எடுக்கவா வந்திருக்கான்?" என்று மலைச்சாமி கேட்டார். அந்தக் கடை வேலை அன்றோடு போயிற்று. போனால் போகட்டும் என்று இருவரும் ஆளுக்கொரு வடை தின்றுவிட்டு வந்தார்கள். அப்படிப்பட்ட நாட்கள் அவை. இப்போது நினைத்தாலும் அந்தோணிராஜுக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

பிறகு ஆட்டோவில் பென்டிரைவ் வந்தது. பேச ஆள் வேண்டியதில்லை என்றானது. ஜீப் காயலான் கடைக்குப் போனது. மலைச்சாமி வேடசந்தூர்ப் பக்கம் மில் பஸ் ஓட்டப் போனார். அந்தோணிராஜ் ஒரு சிமெண்ட் கடையில் பில் போட உட்கார்ந்தார். ஊரையே கூப்பிட்ட வாய், மூட்டை எண்ணிக்கையை மட்டும் சொல்லிக்கொண்டு பதினோரு வருடம் கிடந்தது.

காந்திகிராமத்தில் படிக்கும் மகள் தமிழ்நிலாதான் ஒருநாள், "அப்பா, உங்க குரல ஆன்லைன்ல விக்கலாம்ப்பா" என்றாள்.

"கொரலு என்ன கத்திரிக்காயாம்மா, கிலோ போட்டு விக்க?"

சிரித்தாலும் ஆசை விடவில்லை. வீட்டிலிருந்தே மாதம் ஐம்பதாயிரம், முதலில் பதிவுக் கட்டணம் கட்டுங்கள் என்று ஒரு செய்தி வந்தது. அவர் கட்டத் தயாராகத்தான் இருந்தார். மகள் போனைப் பிடுங்கி அதை அழித்துவிட்டாள். குரல் கொடுப்பவர்களுக்கான ஒரு தளத்தில் பெயரைப் பதிந்து, பேசிய மாதிரிகள் மூன்றை ஏற்றிவைத்தாள். நாலு மாதம் ஒரு பயல் எட்டிப் பார்க்கவில்லை. ஐந்தாவது மாதம் ஒட்டன்சத்திரத்து நாற்றுப் பண்ணைக்காரர் ஒருவர் கூப்பிட்டார். "ஏனுங்க, தக்காளி நாத்துக்கு ஒரு விளம்பரம் பேசித் தருவீங்களா?" அரை நிமிடத்துக்கு முந்நூறு ரூபாய். அவர் சொல்லி இன்னொருவர், அவர் சொல்லி வேறொருவர். மாதம் நாலாயிரம் வந்தது. சிமெண்ட் கடையை விட முடியாது, ஆனால் மகளின் பஸ்ஸுக்கும் மெஸ்ஸுக்கும் போதும்.

ஸ்டூடியோ என்பது வீட்டு பீரோ. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய் வந்து, தெருவே சாப்பிட்டுப் படுக்கிற நேரத்தில் பீரோவைத் திறந்து, மனைவியின் சேலைகளுக்குள் முகத்தை நுழைத்துக்கொண்டு பேசுவார். அப்படிப் பேசினால் எதிரொலி வராது. மனைவி லூர்தம்மாள் குக்கரை இறக்கி, ஃபேனை நிறுத்திவிட்டு, "ம், பேசுங்க. எஞ்சேலையில எச்சி தெறிக்காம பேசுங்க" என்பாள். அவர் கண்ணை மூடி, மனதுக்குள் பஸ் ஸ்டாண்டில் வண்டியைக் கிளப்புவார். அப்போதுதான் பழைய குரல் வரும்.

வினையும் அங்கேதான் இருந்தது. சென்னையில் ஒரு விளம்பரக் கம்பெனி, பல ஊரில் திறக்கும் ரெடிமேட் கடைக்காக மாதம் பத்துப் பதிவு கேட்டது. வருமானம் அப்படியே இரட்டிப்பாகும். மாதிரியைக் கேட்ட கம்பெனி அம்மா போனில் சொன்னார்: "வாய்ஸ் சூப்பர் சார். ஆனா நடுவுல நாலு செகண்ட் சத்தமே இல்ல. ஃபைல் கெட்டுப்போச்சா?"

மறுபடி பேசி அனுப்பினார். மறுபடியும் அதே இடத்தில் நாலு நொடி காணவில்லை. தமிழ்நிலா கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டினாள். மேலும் கீழும் துள்ளிய கோடு நடுவில் படுத்துக் கிடந்தது. "இங்க ஏம்ப்பா நிறுத்துனீங்க?"

அந்தோணிராஜ் கண்ணை மூடி, அந்த இடம் வரைக்கும் மனதுக்குள் வண்டியை ஓட்டிப் பார்த்தார். பிறகு வெட்கப்பட்டுக்கொண்டு சொன்னார். "ஆஸ்பத்திரி வந்துருச்சும்மா."

மகள் சிரிக்க ஆரம்பித்தாள். அப்பாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

நாங்களே அதை வெட்டிக்கொள்கிறோம், சம்மதமா என்று கம்பெனி கேட்டது. மகளுக்கு இன்னும் ஒன்றரை வருடப் படிப்பு இருந்தது. "வெட்டிக்கிடுங்க" என்றார்.

போன ஆடியில் மலைச்சாமிக்கு நெஞ்சுவலி வந்தது. பெரியாஸ்பத்திரி மாடி வார்டில், ரோட்டைப் பார்த்த ஜன்னலோரம் படுத்திருந்தார். அந்தோணிராஜ் கடையில் அரைநாள் லீவு சொல்லிவிட்டுச் சாத்துக்குடியோடு போனார். ஜீப்பை நாலு பேர் தள்ளி ஸ்டார்ட் செய்த கதையை இருவரும் பேசிக்கொண்டிருந்தபோது, தூரத்தில் ஒரு ஆட்டோ ஸ்பீக்கர் கேட்டது.

"ஏலே, அது உங்கொரலுல்ல?" மலைச்சாமியின் முகம் மலர்ந்தது.

"ஆமாண்ணே. ஆன்லைன்ல குடுத்தது." அந்தோணிராஜுக்கும் பெருமை தாங்கவில்லை.

மலைச்சாமி கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். குரல் நெருங்கிக்கொண்டே வந்தது. ஆஸ்பத்திரி மதிலை ஆட்டோ தொடும் நேரம், அவருடைய இடது கை தானாக எழுந்து கட்டிலின் இரும்புச் சட்டத்தில் இரண்டு தட்டு தட்டியது. டக் டக்.

ஏதோ சொல்ல வந்த அந்தோணிராஜ் சட்டென்று வாயை மூடிக்கொண்டார். ரோட்டில் இருந்த குரல் மூடவில்லை. "ஒண்ணு எடுத்தா ஒண்ணு இலவசம், ஓடி வாங்க, ஓடி வாங்க" என்று வார்டுக்குள் புகுந்து கத்தியது. எதிர்க் கட்டிலில் அப்போதுதான் கண்ணயர்ந்த ஒரு பெரியவர் திடுக்கிட்டு எழுந்து, யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று மலங்க மலங்கப் பார்த்தார்.

மலைச்சாமி இன்னும் பலமாகத் தட்டினார். "நிப்பாட்டுலே."

"எங்கையில இல்லண்ணே."

"உன் வாயிதானலே அது?"

அந்த வார்த்தை அவரைச் சுட்டது. வாழ்க்கையில் இத்தனை அவமானமாக அவருக்கு இருந்ததே இல்லை. படியில் இறங்கி ஓடி, கையை நீட்டி ஆட்டோவை மறித்து, சத்தத்தை நிறுத்தச் சொன்னார்.

"பேசுற ஆளு மெட்ராஸ்ல இருக்காராம்ணே. நான் என்ன பண்ண?" என்றார் ஆட்டோக்காரர்.

"பேசுற ஆளு நாந்தாங்க" என்றார் அந்தோணிராஜ், மூச்சிரைக்க.

ஆட்டோக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு பட்டனை அமுக்கினார். தெரு பழைய தெருவாக ஆனது.

அந்த நாலு நொடியை வெட்டுவதாக இருந்தால் இனிமேல் பேசித் தர முடியாது என்று அன்றே கம்பெனிக்குச் சொல்லிவிட்டார். அவர்கள் வருத்தம் தெரிவித்துவிட்டு வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்கள். வருமானம் பழையபடி நாலாயிரத்துக்கு இறங்கியது. மெஸ்ஸை நிறுத்திவிட்டு வீட்டுச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போகிறேன் என்று தமிழ்நிலாவே சொன்னாள். லூர்தம்மாள் விடிகாலையில் அடுப்பை மூட்டுகிறாள். சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள வைக்கும் வெஞ்சனம் நன்றாக இல்லை என்று மகள் தினமும் குறை சொல்கிறாள்.

மலைச்சாமி பிழைத்து வந்துவிட்டார். இப்போது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பீரோவுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காருகிறார். சேலைகளுக்குள் ஜீப் கிளம்புகிறது, மணிக்கூண்டைச் சுற்றுகிறது. போன வாரம் அனுப்பிய பதிவைக் கேட்டுவிட்டு, ஒட்டன்சத்திரத்து நாற்றுப் பண்ணைக்காரர் போன் செய்தார்.

"ஏனுங்க, நல்லா இருக்குதுங்க. நடுவால செத்த நேரம் சத்தமில்லீங்க, அதுகூடப் பரவால்லீங்க. அதுக்கு முன்னால டக் டக்குன்னு ரெண்டு தட்டு கேக்குதுங்களே, அதென்னங்க?"

"அது எங்க டிரைவருங்க" என்றார் அந்தோணிராஜ்.