ஆறாட்டில் அண்ணனைத் தேடிப் போனது

எனக்குக் கல்யாணமான மூன்றாம் வருஷம் கம்பத்திலிருந்து திருவனந்தபுரம் போனோம். என் வீட்டுக்காரர், அவருடைய அக்கா, நான். அப்போது அது மகாராஜா ஆண்ட வேறு ராஜ்யம். குமுளிச் சுங்கச்சாவடியைத் தாண்டினால் காசு வேறு, பேச்சு வேறு.

ஊர் பார்க்கப் போகவில்லை. மிளகு வாங்கி வருகிறேன் என்று மலையேறிய என் நாத்தனாரின் புருஷன், நான் அண்ணன் என்று கூப்பிடுகிறவர், இரண்டு வருஷமாகத் திரும்பவில்லை. வீட்டில் சண்டை ஒன்றும் கிடையாது. உத்தமபாளையத்து ஏலக்காய் வியாபாரி ராவுத்தர் ஒருவர் வந்து என் வீட்டுக்காரரிடம் சொன்னார்: "ஆறாட்டு ஊர்வலத்துல ஒங்க மச்சான் கொடி பிடிச்சு ஆனைக்குப் பக்கத்துல போனாக. கண்ணால பாத்தேன்."

சாமியை நீராட்டக் கடற்கரைக்கு எடுத்துப்போகும் ஊர்வலம் அது. மகாராஜாவே கூட வருவாராம். அடுத்த ஆறாட்டுக்கு நாங்கள் பஸ், படகு, ரயில் என்று மாறி மாறிப் போய்ச் சேர்ந்தோம்.

சாயங்காலம் கோட்டை வாசலுக்கு எதிரே நின்றோம். "நீ ராசாவைப் பாக்காத, கொடி பிடிச்சு வாரவுக மொகத்தைப் பாரு," என்றார் நாத்தனார். "கண்டா நான் பேர் சொல்லிக் கூப்புடுவேன். வெக்கப்பட மாட்டேன்."

பீரங்கி வெடித்தது. குதிரைகள், பாண்டு வாத்தியம், துப்பாக்கி ஏந்திய சிப்பாய்கள், யானைகள் என்று வந்துகொண்டே இருந்தன. எதை முதலில் பார்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை. "ராசா ஆனை மேல வருவாக," என்றிருந்தார் என் வீட்டுக்காரர். யானை மேல் முரசு அடிப்பவன்தான் இருந்தான். அவன்தான் ராஜா என்று நினைத்துக் கும்பிட்டேன். பக்கத்தில் நின்ற மலையாளத்து அம்மாள் என் கையைப் பிடித்துக் கீழே இறக்கி, தெருவைக் காட்டினாள். சட்டையில்லாமல், செருப்பில்லாமல், கையில் வாளோடு ஒருவர் சாமிக்கு முன்னால் நடந்து வந்தார். அவர்தான் மகாராஜாவாம். நம்புவதா வேண்டாமா என்று விளங்கவில்லை. அவ்வளவு கூட்டமும் மூச்சுவிடாமல் நின்றது.

அப்போதுதான் அண்ணனைப் பார்த்தேன். என் கல்யாணப் பந்தியில் சோறு போட்டவர். இடது காது மடல் கிழிந்திருக்கும். சாமிக்குப் பின்னால் வந்த யானையோரம் கொடி பிடித்துப் போனார், உடம்பு தேறியிருந்தது.

"மதினி, அந்தா," என்று கிசுகிசுத்தேன்.

நாத்தனார் பார்த்தார். நேராக, இமைக்காமல் பார்த்தார். வாய் திறக்கவில்லை. அண்ணன் எங்களைக் கடந்து போனார்.

"அவுக இல்ல," என்றார்.

"காது..."

"அவுக இல்லத்தா. வா."

என் வீட்டுக்காரர் வேறு பக்கம் தேடிக்கொண்டிருந்தார். அவரிடம் சொல்வதா என்று குழம்பி, சொல்லாமலே நின்றேன். ராவுத்தர் ஆள் மாறிச் சொல்லிவிட்டார் என்று அவர் வழியெல்லாம் திட்டிக்கொண்டு வந்தார்.

படகில் அவர் தூங்கியதும் நாத்தனாரே பேசினார்.

"அவுகதான்."

"பிறகு ஏன் மதினி கூப்புடல?"

"கூப்புடத்தான் நெனச்சேன். ஊரே வாயடைச்சு நிக்கயில சத்தம் வரல. அப்புறம் அவுக மொகத்தைப் பாத்தேன். நம்ம வீட்டுல அப்படி ஒரு நாளும் நிமுந்து நடந்ததில்ல."

கோபமா, துக்கமா, அந்தக் குரலில் எனக்குப் பிடிபடவில்லை. நான் அழுதேன், அவர் அழவில்லை.

ஊர் திரும்பியதும் நாத்தனார், அதுவரை தங்கியிருந்த எங்கள் வீட்டிலிருந்து கிளம்பி, கூடலூரில் பூட்டிக் கிடந்த தன் வீட்டைத் திறந்து கூரை மாற்றினார். கடலை விதைத்தார். புருஷனைப் பற்றி யாராவது கேட்டால், "நல்லா இருக்காக," என்பார். அதற்கு மேல் கேட்க யாருக்கும் வாய் வந்ததில்லை. அவர் செய்தது சரியா என்று இன்றுவரை எனக்குச் சொல்லத் தெரியவில்லை.