இரண்டு வீட்டுக்கு ஒரு சாணித்தொட்டி

எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் ஒரே சாணி எரிவாயுத் தொட்டி. இடம் என்னுடையது, மாடு பக்கத்து வீட்டுக்காரியுடையது. சாணியும் கஞ்சியும் காய்கறிக் கழிவும் கரைத்து ஊற்றினால் உள்ளே புளித்து வாயு வரும். இரண்டு வீட்டு அடுப்பும் எரியும். அவளிடம் சிலிண்டரும் உண்டு. எனக்கு இந்த வாயு அடுப்பு அணைந்தால் விறகுதான். விறகுப் புகையில் இருமி இருமி நெஞ்சு புண்ணாகி, இனிப் புகையே ஆகாது என்று டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார்.

தொட்டி கட்டியவர் ஒரே கட்டளைதான் போட்டார். பட்டாசு மருந்து பட்ட தண்ணீர் உள்ளே போகவே கூடாது, போனால் வாயு உண்டாக்குகிற கிருமியெல்லாம் செத்துப்போகும்.

ஆறாம் மாதம் அடுப்பு அணைந்தது. தெருவே என்னைப் பார்த்தது. பார்க்காதா பின்னே? பட்டாசுக் கம்பெனியில் பூச்சட்டி வாணத்துக்கு மருந்து அடைக்கிறவள் நான்; நகக்கண்ணில் வெள்ளிப்பொடி போகவே போகாது. அவளோ திருத்தங்கலில் அட்டைப்பெட்டி ஒட்டப் போகிறவள், கையில் வெறும் பசை. எனக்கே என் மேல் சந்தேகம் வந்துவிட்டது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

"விடுங்க மதினி. வேணும்னா செஞ்சீக? தெரியாமத்தான செஞ்சீக," என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள். எவ்வளவு பெரிய மனசு என்று உருகிப்போனேன், மடச்சி.

தொட்டியை அள்ளிக் கொட்டிவிட்டுப் புதுச்சாணி கரைத்துக் காத்திருந்தோம். நான் கம்பெனிக் குழாயிலேயே குளித்து, சேலை மாற்றிக்கொண்டுதான் வீடு வருவேன். சாணியைத் தொடுவதையே விட்டேன். நெருப்பு வந்தது. சில நாளில் மறுபடியும் அணைந்தது.

ஒருநாள் மழை இருட்டியது. இடி இடிக்கும் என்று கம்பெனியில் மதியமே எங்களை அனுப்பிவிட்டார்கள். வந்து பார்த்தால், அவள் குனிந்து ஒரு பிளாஸ்டிக் பேசினைக் கழுவித் தொட்டிக்குள் ஊற்றிக்கொண்டிருக்கிறாள். தண்ணீர் கன்னங்கரேல் என்றிருந்தது. திறந்த கதவு வழியே பார்த்தேன், தரையெல்லாம் காயப்போட்ட வெடித்திரி. பெட்டி ஒட்டப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே கள்ளத்தனமாகத் திரி போட்டிருக்கிறாள், என் சுவரை ஒட்டி.

"தெரு வாருகால்ல ஊத்துனா கறுப்பா ஓடும் மதினி. சோதனைக்கு வாரவுக வீட்டைக் கண்டுபிடிச்சிருவாக. சாணிக்குள்ள போனா யாருக்குத் தெரியும்?"

அந்தத் திரியில் ஒரு பொறி விழுந்திருந்தால் என் வீடும் சேர்ந்து போயிருக்கும். அந்தப் பயம்கூட எனக்குப் பிறகுதான் வந்தது. அப்போது வயிறு எரிந்தது வேறொன்றுக்காக.

"ஏட்டி, அப்ப என்னைய எதுக்கு மன்னிச்ச?"

அவள் பேசினை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

சாயங்காலம் விறகை மூட்டினேன். முன்பெல்லாம் நான் இருமினால் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "தண்ணி குடிங்க மதினி," என்று குரல் வரும்.

அன்றைக்கும் வந்தது.