அவன் என் ஆள்தான்

என் கணவர் சின்ன காண்ட்ராக்டர். எண்ணூர் நெடுஞ்சாலையை ஒட்டிப் பெரிய கம்பெனிகள் கட்டும் கிடங்குகளில் ஆள் வைத்து வேலை எடுத்துச் செய்துகொண்டிருந்தார். சாரம் கட்டுவது, பூச்சு, கூரைக்குத் தகடு போடுவது. சொந்தமாக ஒரு கலவை மெஷின், கொஞ்சம் சவுக்குக் கம்புகள், பழைய பைக், ஓயாமல் அடிக்கும் போன். அவ்வளவுதான் எங்கள் தொழில். அவர் எனக்கு அத்தை மகன். கல்யாணத்துக்கு முன்பும் மாமாதான், பின்பும் மாமாதான்.

அன்று விம்கோ நகர் வீட்டு மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். போனை எடுத்ததும் அவர் மூச்சு மட்டும் கேட்டது.

"மேல இருந்து வுழுந்துட்டான்."

"யாரு மாமா?"

"எர்ணாவூரான். ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போறோம். நீ வந்துடு."

எர்ணாவூர்க்காரர் எங்களுக்குக் கல்யாணமான புதிதிலிருந்தே மாமாவிடம் வேலை செய்தவர். உயரத்துக்குப் பயப்படாதவர். சில நாள் மாமாவோடு பைக்கில் வீட்டுக்கு வருவார். உள்ளே கூப்பிட்டால் வரமாட்டார். "கால்ல சிமெண்டு கீது அண்ணி" என்று வாசலிலேயே நின்று டீ குடித்துவிட்டுப் போவார். சர்க்கரை கூடுதலாக வேண்டும் அவருக்கு.

ஆட்டோ பிடித்து ராயபுரத்தைத் தாண்டி நான் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. மாமா மரத்தடியில் குந்தியிருந்தார். சட்டையில் ரத்தம். கொஞ்ச நேரத்தில் எர்ணாவூர்க்காரரின் மனைவி வந்தாள். காசிமேட்டில் இறால் உரிக்கும் வேலையிலிருந்து நேராக வந்தவள், விரல்களில் இன்னும் ஈரம். மாமாவின் முன்னால் போய் நின்றாள்.

"காலைல நீதான் போன் பண்ணி இட்டுனு போன. எங்க என் புருஷன்?"

மாமா தலையைத் தூக்கவில்லை. நான் அவள் தோளைத் தொடப் போனேன். கையைத் தட்டிவிட்டாள்.

நடந்தது இதுதான். கூரைக்கு அடியில் கட்டும் பாதுகாப்பு வலையைக் கம்பெனிக்காரர்கள் முந்தின வாரமே கழற்றி மீஞ்சூர்ப் பக்கம் இன்னொரு கிடங்குக்கு எடுத்துப் போயிருந்தார்கள். வலை வரட்டும், தகடு போடுகிறோம் என்று மாமா சொல்லியிருக்கிறார். ஆய்வுக்கு ஆள் வரப்போகிறார்கள், கூரை மூடியாக வேண்டும், உங்களால் முடியாவிட்டால் வேறு ஆளைப் பார்க்கிறோம் என்று கம்பெனி மேனேஜர் போனில் சொல்லியிருக்கிறார். எல்லாம் வாய்ப்பேச்சுதான். எழுத்தில் எதுவும் கிடையாது. மாமா ஆளை ஏற்றிவிட்டார். எர்ணாவூர்க்காரர் இடுப்பில் பெல்ட் இருந்தது. அதைக் கொக்கி போட்டு மாட்டுவதற்கு மேலே கயிறு இல்லை.

சாயங்காலமே போலீஸ் மாமாவைக் கூட்டிக்கொண்டு போனது. கவனக்குறைவால் மரணம் விளைவித்ததாக வழக்கு. முதல் குற்றவாளி மாமா. இரண்டாவதாக, அன்று கீழே நின்ற கம்பெனி சூப்பர்வைசர், வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாதவன். போனில் பேசிய மேனேஜர் பெயர் எங்கும் இல்லை.

ஜாமீன் எடுத்துக் கொடுத்தது கம்பெனி வைத்த வக்கீல்தான். எங்களுக்கு அப்போது அது பெரிய உதவியாகத் தெரிந்தது. எர்ணாவூர்க்காரரின் மனைவி நஷ்டஈடு கேட்டுத் தொழிலாளர் துறையில் மனுப் போட்ட பிறகுதான் எதற்கு அந்த உதவி என்று புரிந்தது. வக்கீலும் மேனேஜரும் எங்கள் வீட்டுக்கே வந்தார்கள். காபி கொடுத்தேன். வக்கீல் பொறுமையாகத்தான் விளக்கினார்.

"ஆள் உங்களுது. ஆனா வேலை நடந்தது கம்பெனிக்காக. அதனால கம்பெனியும் நஷ்டஈட்டுக்குப் பொறுப்பாயிடும். அவரை அன்னிக்கு நீங்க வேலைக்கே கூப்பிடலை, வேற யாரையோ பார்க்க வந்தவர் தானா மேல ஏறிட்டார்னு சொல்லிட்டீங்கன்னா, ரெண்டு பேருக்கும் பொறுப்பு இல்லை. கிரிமினல் கேஸுக்கும் அதுதான் நல்லது. ஆள் என்னுதுன்னு ஒத்துக்கிட்டா அந்த வார்த்தை அங்கேயும் உங்க மேலதான் திரும்பும்."

மேனேஜர் ஒரே வரிதான் பேசினார். "நம்ம அடுத்த கிடங்கு வேலையும் உங்களுக்குத்தான்."

மாமா தலையாட்டினார். அவர்கள் போன பிறகு நானும் எதிர்த்து எதுவும் சொல்லவில்லை. ஜெயிலில் இருந்த நாட்களில் அவர் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. திரும்ப அங்கே அனுப்ப எனக்கு மனசு இல்லை. அந்தப் பெண்ணுக்கு நாமே பின்னால் ஏதாவது செய்துவிடலாம் என்று சொல்லிக்கொண்டேன். மாமா சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

நஷ்டஈட்டு விசாரணை தேனாம்பேட்டையில். திருவொற்றியூரிலிருந்து பஸ் மாறிப் போனோம். வராந்தாவில் ஒரு பெஞ்சுதான். அதன் ஒரு முனையில் அவள் உட்கார்ந்திருந்தாள். வேறு இடமில்லாமல் நானும் அதே பெஞ்சில் உட்கார்ந்தேன். அவள் என்னைப் பார்க்காமலே பேசினாள்.

"உன் வூட்டுக்காரு கூப்டவே இல்லன்னு சொல்லப் போறாராமே. எங்க வக்கீலு சொன்னாரு."

நான் கதவுப் பக்கம் பார்த்தேன்.

"குடிச்சிட்டு ஏறிட்டாருன்னு கூட சொல்லட்டும். பரவால்ல. ஆனா வேலைக்கே வரலன்னு சொன்னா, அப்புறம் அவுரு இன்னாத்துக்கு அங்க செத்தாரு? தெருவுல செத்த நாயா அவுரு?"

உள்ளே மாமாவைக் கூப்பிட்டார்கள். நானும் கதவோரம் போய் நின்றேன். அதிகாரி கேட்டார், இறந்தவர் உங்களிடம் வேலை செய்தவரா என்று. கம்பெனி வக்கீல் பேனாவைத் திறந்து தயாராக வைத்திருந்தார். மாமா வக்கீலையும் அதிகாரியையும் மாறி மாறிப் பார்த்தார். பாடம் மறந்துபோய்விட்டது என்றே நினைத்தேன்.

"அவன் என் ஆளுதான் சார்" என்றார். "நான்தான் காலைல போன் போட்டு வரச் சொன்னேன். வலை இல்லாம நான்தான் ஏத்துனேன். வலைய எடுத்துனு போனது கம்பெனி. முடிச்சே ஆவணும்னு சொன்னதும் கம்பெனி."

வக்கீல் பேனாவை மூடினார்.

வெளியே வந்ததும் நான் அழுதேன், சண்டையும் போட்டேன். உனக்கு மட்டும்தான் நியாயமா, நம்ம வீட்டில் அடுப்பு எரிய வேண்டாமா என்று தெருவில் நின்று கத்தினேன். மாமா சொன்னது இவ்வளவுதான்: "அவன் வரவே இல்லன்னு வாய்ல வரல."

அதன் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. கம்பெனி வக்கீல் எங்கள் கேஸை விட்டுவிட்டார். எண்ணூர்ப் பக்கம் எந்தக் கிடங்கிலும் மாமாவை உள்ளே விடவில்லை. பத்து கம்பெனி இருந்தாலும் மேனேஜர்கள் எல்லோரும் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள்தான். கலவை மெஷின் போனது. சவுக்குக் கம்புகளை விறகு விலைக்கு எடுத்துப் போனார்கள். இப்போது மாமா வேறொரு காண்ட்ராக்டரிடம் மேஸ்திரியாகப் போகிறார். ஒரு காலத்தில் இவரிடம் சாரம் கட்டியவர்தான் அந்தக் காண்ட்ராக்டர்.

நஷ்டஈடு கொடுக்கச் சொல்லி உத்தரவு வந்தது. கம்பெனி ஹைகோர்ட்டுக்குப் போய்விட்டது. அவளுக்கு இன்னும் கையில் எதுவும் வரவில்லை. கடைசியில் கம்பெனி கொடுக்கும்படி ஆனாலும், காண்ட்ராக்டரிடமிருந்து அதைத் திருப்பி வாங்கச் சட்டத்தில் இடமிருக்கிறதாம். எங்களுக்கு நோட்டீஸ் வந்திருக்கிறது.

கிரிமினல் கேஸ் வாய்தா வாங்கி வாங்கிப் போய், ஒருவழியாகத் திருவொற்றியூர் கோர்ட்டில் சாட்சி விசாரணைக்கு வந்தது. அவளும் சாட்சி. உண்மையைச் சொல்லித் தொழிலை இழந்த மனிதருக்காக ஒரு நல்ல வார்த்தை சொல்வாள் என்று எனக்குள் ஒரு நினைப்பு இருந்தது. அவள் கூண்டில் ஏறி நின்றாள். யார் உன் கணவரை வேலைக்குக் கூப்பிட்டது என்று கேட்டார்கள். மாமாவைக் கை நீட்டிக் காட்டினாள்.

"வலை இல்லன்னு தெரிஞ்சே ஏத்துனாரா?"

"தெரிஞ்சேதான் ஏத்துனாரு. அவரே ஒத்துகினாரு."

சூப்பர்வைசர் பையனின் வக்கீல் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டார். ஒப்புக்கொண்டவர் இருக்கும்போது என் கட்சிக்காரர் மேல் எப்படிப் பழி வரும் என்று கேட்டார். எங்கள் இலவச சட்ட உதவி வக்கீல், புதிதாக வந்தவர், எழுந்து நின்று குறுக்கு விசாரணை இல்லை என்றார்.

நான் முதலில் வெளியே வந்து நின்றேன். அவள் படியிறங்கி வந்தபோது வழியை மறித்தேன். "எங்க வூட்டுக்காரு உனக்காகத்தான எல்லாத்தையும் வுட்டாரு. ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல?"

அவள் என்னை நேராகப் பார்த்தாள். கோபம் இல்லை, களைப்புதான்.

"இன்னான்னு சொல்றது? நல்லவருதான். நான் இல்லன்னு சொல்லல. ஆனா ஏத்துனது அவருதான?"

மாமா என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார். அவள் எண்ணூர் பஸ்ஸில் ஏறிப் போனாள். நாங்கள் நடந்தே வீட்டுக்கு வந்தோம்.

தீர்ப்பு இன்னும் வரவில்லை. தண்டனை இருக்கும் என்றுதான் வக்கீல் சொல்கிறார். அடுத்த வாய்தாவுக்கு மாமா கட்டிக்கொண்டு போக ஒரு வெள்ளை வேட்டியை நேற்றுத் துவைத்துப் போட்டேன். சட்டை பழசுதான். அது போதும் என்றார்.