ரஸ்க்கின் கால்களும் லும்மனின் மௌனமும்

ஸ்வீடன் கடற்படையின் ஊரான இந்தக் கார்ல்ஸ்க்ரூனாவில் மட்டுமல்ல, பால்டிக் கடலின் இரண்டு கரையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், சிக்ஸ்டன் ரஸ்க்கைப் போல இருப்புக் கொள்ளாத மனிதன் பிறந்ததில்லை. ஞானஸ்நானத்தன்று பாதிரியார் கையிலிருந்து இறங்கி நடந்தே வீடு போய்ச் சேர்ந்தவன். சரி, இது என் கைச்சரக்கு. கோயில் வாசலோடு நின்றுவிட்டான் என்று குறைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அவன் வீட்டு அடுப்படியில் மேசைக்கும் ஜன்னலுக்கும் நடுவே தரைவிரிப்பு தேய்ந்து பலகை பல்லிளித்தது கலப்படமில்லாத உண்மை.

அப்படிப்பட்டவன் பிழைப்பு நடத்தியது நீர்மூழ்கிக் கப்பலில். சத்தம் போடாமல் இருப்பதற்கென்றே கட்டிய கப்பலில்.

முங்கி முங்கி மீன் பிடிக்கும் பறவையின் பெயரைத்தான் அதற்கு வைத்திருந்தார்கள்: லும்மன். அதே வார்ப்பில் தங்கைக் கப்பல்களும் உண்டு. நம் கடல் ஆழமில்லாதது, அடியெல்லாம் பாறை. அதனால் வால் சுக்கான்களைக் கூட்டல் குறிபோல வைக்காமல் பெருக்கல் குறிபோலச் சாய்த்து வைத்தார்கள். கப்பல் வயிற்றைத் தரையில் போட்டுப் படுத்தாலும் சுக்கான் உடையாது. நீருக்குள் மின்கலத்தில் ஓடும். மின்கலம் வற்றினால் மேலே வந்து, குழாயை நீட்டிக் காற்றை இழுத்து, டீசல் எந்திரத்தை முடுக்க வேண்டும்.

அந்த டீசலுக்குக் காவலாள்தான் ரஸ்க். அது உறுமும் நேரமெல்லாம் அவனுக்குத் திருவிழா. சீட்டியடிப்பான், தகரத்தில் தாளம் போடுவான், எந்திரத்தைச் சுற்றிச் சுற்றி நடப்பான். அந்த இரைச்சலில் யாருக்கு என்ன கேட்கும்? டீசல் நின்றால்தான் தலைவலி. எல்லோரும் கம்பளிக் காலுறையோடு பூனைநடை போடுவார்கள். இவன் மட்டும் ஒரு திருப்புளியைக் கீழே போட்டு வைப்பான்.

எண்பதுகளின் கடைசியில் கடற்படைக்கு ஒரு யோசனை வந்தது. லும்மனைக் கப்பல் கட்டும் தளத்துக்கு இழுத்துப் போய், ஈரல் தொத்திறைச்சியை அறுப்பது போல நடுவில் அறுத்து, புதிதாக ஒரு துண்டைச் செருகி, மறுபடி பற்றவைத்தார்கள். அந்தத் துண்டுக்குள் காற்றே தேவைப்படாத புது எந்திரம். குளிர்ந்த திரவமாகக் கொண்டுபோகும் பிராணவாயுவும் கொஞ்சம் எண்ணெயும் போதும். வெடிப்பு இல்லை, உறுமல் இல்லை. கப்பல் வாரக்கணக்கில் அடியிலேயே கிடக்கலாம்.

ஊரே மெச்சியது. ரஸ்க்கின் திருவிழா முடிந்துபோனது.

கேப்டன் ஓக்கர்மான் அவனைக் கூப்பிட்டார். "ரஸ்க், அடுத்த வாரம் ஒலிச் சோதனை. மேல ஒரு கப்பல் காதைத் தீட்டிக்கிட்டு நிக்கும். சத்தம் போட்டவன் எவனா இருந்தாலும் கரைக்குத்தான். உன்னால ஒரு சத்தம் வந்துச்சு, கரையில உனக்கு நல்ல வேலையா பாத்துக் குடுத்துடுவேன்."

"கரையிலயா கேப்டன்? கரையில நான் என்ன பண்ணுவேன்?"

"நடப்பே."

வீட்டில் அவன் மனைவி மாய்கென் அதைவிடக் கவலைப்பட்டாள். "குட்டி போட்ட பூனை மாதிரி இங்கயே சுத்தவா போறே? சிக்ஸ்டன், நல்லாக் கேட்டுக்கோ. அந்தக் கப்பல்ல நீ இருந்தாத்தான் நான் இந்த வீட்ல இருப்பேன். கையைக் காலைக் கட்டிக்கிட்டுக் கிட."

கிண்டலுக்குச் சொன்னாளா நிஜமாகச் சொன்னாளா என்று ரஸ்க்குக்குத் தெரியவில்லை. அதை யோசித்தபடியே மேசைக்கும் ஜன்னலுக்கும் நடந்தான்.

சோதனை வியாழக்கிழமை வந்து வாய்த்தது. வியாழன் என்றால் பட்டாணி சூப்பும் அப்பமும். அன்றைக்கோ அடுப்பு மூட்டக்கூடாது, கரண்டி தொடக்கூடாது. வியாழக்கிழமையில் சூப் இல்லாத ஸ்வீடன்காரனுக்குச் சும்மாவே மனம் நிலைகொள்ளாது. ரஸ்க்கைக் கேட்கவா வேண்டும்! கப்பல் தீவுகளுக்கு நடுவே அடிமணலில் படுத்தது. காற்றோட்ட விசிறிகள் நின்றன. எல்லோரும் படுக்கையில். ரஸ்க்குக்கு மேல்படுக்கையில் சமையற்காரர் ஃபோல்கே. அவர் இதோ இந்தக் காப்பி மேசையில்தான் நம்மோடு உட்கார்ந்திருக்கிறார். நான் புளுகினால் கேளுங்கள்.

ரஸ்க் உதட்டுக்கடியில் புகையிலையை அதக்கிக்கொண்டான். பெருவிரல் ஆடியது; பல்லைக் கடித்து நிறுத்தினான். மற்றக் காலில் ஆரம்பித்தது. முதுகு அரித்தது. முழங்காலுக்குள் எறும்பு ஊர்ந்தது. 'மாய்கென், மாய்கென்' என்று ஜெபித்துப் பார்த்தான். மேலே ஃபோல்கேயின் வயிறு பசியில் முனகிய சத்தம்கூட அவன் காதில் இடியாக விழுந்தது. பொறுக்க முடியவில்லை. எழுந்தான்.

காலுறையோடு நடந்தான். டார்பிடோக் குண்டுகள் இருக்கும் அறை வரைக்கும் போனான், திரும்பினான். படுத்திருந்த கண்களெல்லாம் அவன் பின்னாலேயே போயின. புதுத் துண்டுக்குள் நுழைந்து அந்த எந்திரத்தின் மேல் உள்ளங்கையை வைத்தான். உறங்கும் பூனையின் வயிறுபோல அது மெல்ல அதிர்ந்துகொண்டிருந்தது. ஓ, இதுவும் சும்மா இருக்கவில்லையா! அவன் கால் நின்றது. கப்பலில் சேர்ந்த நாளிலிருந்து முதன்முறையாக நின்றது.

அப்போதுதான் அந்தக் கத்தல். "ரஸ்க்! போய்ப் படு!"

கத்தியது கேப்டன். முகம் நண்டுபோலச் சிவந்து நின்றார். விரலை மேலே காட்டினார். மேலே என்றால் கரை. ரஸ்க் போய்ப் படுத்தான். இனி அசைந்தால் என்ன, அசையாவிட்டால் என்ன? கால் இரண்டும் மறுபடி ஆடத் தொடங்கின.

கப்பல் மேலே வந்ததும் மேலே ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்த கப்பலின் முடிவு ஒலிபெருக்கியில் எல்லோருக்கும் கேட்டது.

"புது எந்திரம் கேக்கல. நடமாட்டம் ஒண்ணும் கேக்கல. கடல் போட்ட சத்தம்கூட உங்க கப்பல் போடல. ஒரே ஒரு தடவை ஒரு ஆம்பளைக் குரல்: 'ரஸ்க், போய்ப் படு.' யாருய்யா அந்த ரஸ்க்? அவரை எழுப்பிட்டீங்களா?"

கப்பலே குலுங்கியது. ரஸ்க் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். ஓக்கர்மான் தொப்பியைக் கழற்றி, மாட்டி, மறுபடி கழற்றினார். தன் வாயால் வந்த வினைக்கு இன்னொருவனை எப்படி இறக்குவது? லும்மனைப் பழைய இரும்புக்கு அனுப்பும் நாள்வரை ரஸ்க் அதிலேயே நடந்தான்.

இதை நான் சொல்லி முடித்ததும் மேசையைச் சுற்றி எல்லோரும் சிரித்தார்கள். ஏலக்காய் ரொட்டியைக் காப்பியில் முக்கிக்கொண்டிருந்த ஃபோல்கே மட்டும் சிரிக்கவில்லை.

"எல்லாம் சரிதாம்மா. ஆனா கேப்டன் கத்தல. அவரு சாகுற வரைக்கும் குரலை உசத்தினதே இல்ல. கத்துனது நான். ரஸ்க்குக்கு வேலை போயிடுமேன்னு பதறி, வாயை விட்டுட்டேன். சத்தம் போட்டவன் கரைக்குன்னு சொல்லியிருந்தாருல்ல? அடுத்த வாரம் இறக்கி விட்டுட்டாரு, என்னை."