குதிரைத் தொட்டி

அவர் சித்தூரில் வெல்ல மண்டி வைத்திருந்தவர். கனத்த உடம்பு, பேசுவதற்கு முன் மேல்துண்டை ஓர் உதறு உதறுவார். ஆற்றங்கரைப் புறம்போக்கை வேலி கட்டித் தனியாருக்கு விட உத்தரவானதும், வண்டிமாடுகளைத் தாலுகா கச்சேரிக்கே ஓட்டி வந்துவிட்டார். அவை குடித்ததில், தாசில்தாரின் குதிரைக்குத் தண்ணீர் வைக்கும் தொட்டி காலி.

குமாஸ்தாவான நான் கத்திக்கொண்டே ஓடினேன். அவர் துண்டை உதறினார்.

“கரைய அடைச்சிட்டா மாடுங்க எங்க தண்ணி குடிக்கும்?”

“உமக்கு மட்டும் வழி விடச் சொல்றேன்.”

“ஆறு எனுக்கு மட்டுமா கீது?”

மறுநாள் மற்ற மண்டிக்காரர்களின் மாடுகளும் வந்தன. தினமும் வந்தன. கடைசியில் உத்தரவு ரத்தாயிற்று.

அடுத்த காலையிலும் அவர் வந்தார், வண்டி நிறைய ஆற்றுத் தண்ணீரோடு. மாடுகள் குடித்ததற்கு ஈடாகத் தொட்டியைத் தளும்பத் தளும்ப நிரப்பினார். அன்று மட்டும் துண்டை உதறவில்லை.