கடைசிப் பாட்டுக்கு டோர்வல்

வில்லரேயிலிருந்து டோர்வல் விமான நிலையத்துக்குப் போகும் டாக்சி, பனியில் ஊர்ந்து ஊர்ந்து நின்றேவிடுகிறது. என் விமானம் எனக்காக நிற்காது. யாழ்ப்பாணத்து ஓட்டுநர் நிதானமாக ஒரு பிலிப்பைன்ஸ் ராக் குழுவின் சிடியைப் போடுகிறார்.

“இந்தக் குழு வெளிநாட்டு ஆக்களுக்கெண்டு தெரிஞ்செடுத்த பாட்டுகள், அண்ணை. நான் இதிலதான் தூரம் பாக்கிறது. கடைசிப் பாட்டுக்கு டோர்வல் வந்திடும்.”

முதல் பாட்டிலேயே பாடகர் அவசரமில்லாமல் உருகுகிறார். நான் கடிகாரத்தைப் பார்க்கிறேன்.

“இதை விட்டுட்டு அடுத்ததைப் போடுங்களேன்.”

“பாட்டைத் தாண்டினா றோட்டு குறையுமோ?”

ஐம்பது வயதில் கெஞ்சுகிறேன். பாவம் பார்த்து ஒவ்வொன்றாகத் தாண்டுகிறார். கார் அசையவில்லை.

“இதுதான் கடைசிப் பாட்டு. இறங்குங்கோ, அண்ணை” என்கிறார், சிரிக்காமல்.

என் கை கதவைத் திறந்தேவிட்டது. மடியில் பனி விழுகிறது.