சத்தம் புகாத ஓர் அறை

ஊரிலிருந்து வருகிறவர்கள் எங்கள் நியூ ஜெர்சி வீட்டுக்குள் நுழைந்ததும் சொல்வது ஒன்றுதான்: என்ன ஒரு அமைதி. ஹாரன் இல்லை, ஒலிபெருக்கி இல்லை, பக்கத்து வீட்டு டி.வி. கேட்பதில்லை. வந்த புதிதில் நானும் அப்படித்தான் நினைத்தேன். இந்த நாட்டு வீடு ஒரு நிமிடம்கூடச் சும்மா இருப்பதில்லை என்பதை எனக்குத் தெரிய வைத்தவள் எங்கள் மகள் நித்யா. ஃப்ரிட்ஜ் முனகும். பேஸ்மென்ட்டில் இருக்கும், வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் திடீரென்று உறுமிக்கொண்டு எழும். தரையில் உள்ள துவாரங்கள் வழியாகச் சூடான காற்று சீறும். நம் காதில் அது விழுவதே இல்லை. ஆறு வயது நித்யா காதுகளைப் பொத்திக்கொண்டு, கோட்டுகள் தொங்கும் அலமாரிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். ஃபர்னஸ் ஓய்ந்ததும் வெளியே வருவாள். அது மறுபடி எழுந்ததும் மறுபடி ஓடுவாள்.

ஆட்டிசம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்தச் சொல்லை நானும் என் கணவர் சேகரும் எங்களுக்குள் ஆங்கிலத்தில்தான் வைத்திருந்தோம். கரூரில் எங்கள் தெரு முழுக்கப் பவர்லூம் தறிகள். அந்த இரைச்சலில்தான் நான் பிறந்தேன், படித்தேன், தூங்கினேன். நித்யாவுக்கு நான்கு வயதாகும்போது தம்பி கல்யாணத்துக்குக் கூட்டிப் போயிருந்தோம். மேளம் தொடங்கியதும் அவள் போட்ட அலறலில் மண்டபமே திரும்பிப் பார்த்தது. "அமெரிக்காவுல செல்லம் குடுத்துக் கெடுத்து வெச்சிருக்காங்க" என்றார் ஒரு பெரியம்மா. கண்ணேறு என்றார் இன்னொருவர். அம்மா பேத்தியைத் தூக்கிக்கொண்டு மண்டபத்துக்குப் பின்னால் பாத்திரம் கழுவும் இடத்துக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு நாங்கள் ஊருக்குப் போகவில்லை. டிக்கெட் விலை, லீவு, கிரீன் கார்டு என்று ஏதாவது ஒரு காரணம் சொல்லிக்கொண்டிருந்தோம்.

பள்ளியில் அவளைக் கவனித்துக்கொண்ட டீச்சர்தான், வீட்டை மாற்ற முடியாவிட்டால் வீட்டுக்கு வெளியே ஒரு சின்ன அறை கட்டிப் பாருங்களேன் என்றார். எங்கள் பின்கட்டுத் தோட்டத்தில் இடம் இருந்தது. சுவருக்குள் கனமாக இன்சுலேஷன் அடைத்துவிட்டால் குளிரும் வராது, சத்தமும் வராது. கேட்கும்போது சுலபமாக இருந்தது. கட்டித் தருகிறவரைத் தேடத் தொடங்கியபோதுதான் சிக்கல் தெரிந்தது. வருகிற ஒவ்வொருவரும் முதலில் கேட்டது, "வாட்ஸ் இட் ஃபார்?"

பேப்பர் விளம்பரம் பார்த்துக் கூப்பிட்ட முதல் ஆளிடம் சேகர், "ஹோம் ஆஃபீஸ்" என்றார். நான் பக்கத்திலிருந்து, மிகவும் அமைதியாக இருக்க வேண்டும் என்று சேர்த்துக்கொண்டேன். அந்த ஆள் எங்கள் இருவரையும் பார்த்துச் சிரித்தார். உங்களில் யார் டிரம்ஸ் வாசிப்பது, அக்கம்பக்கத்தார் புகார் செய்கிறார்களா என்று கேட்டார். சத்தம் வெளியே போகக்கூடாது என்றே அவர் புரிந்துகொண்டிருந்தார். உள்ளே வரக்கூடாது என்று சொன்னால் ஏன் என்று கேட்பார். அவரை அப்படியே அனுப்பிவிட்டோம்.

இரண்டாவதாக வந்தவர் ரகு. சென்னைக்காரர், தமிழ்ச் சங்க நிகழ்ச்சிகளில் பழக்கம். இந்தியக் கடைத்தெரு இருக்கும் ஐசலினில் இரண்டு கடைகளை அவர்தான் கட்டிக் கொடுத்திருந்தார். "டென்ஷனே வேணாம் சேகர். பர்மிட்டும் நானே அப்ளை பண்ணிடறேன். ஸ்னோ விழறதுக்கு முன்னாடி முடிச்சுடலாம். ஆஃபீஸ்னா ஒரு பெரிய ஜன்னல் வெச்சுக்குங்க, ஃபேன் ஹீட்டர் ஒண்ணு போட்டுட்டா ஜம்முனு இருக்கும்" என்றார். அவர் மனைவிதான் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பை நடத்துகிறவர். நித்யா ஏன் வகுப்புக்கு வருவதில்லை என்று என்னிடம் இரண்டு முறை கேட்டிருக்கிறார். நல்ல மனுஷி. அதனாலேயே எனக்குப் பயமாக இருந்தது. ரகு தோட்டத்தை அளந்த நேரம் முழுக்க, நித்யாவை மாடியிலேயே வைத்திருந்தேன்.

மூன்றாவது ஆள் வால்டர். உயரமானவர், அதிகம் பேசாதவர். அவர் கேட்டபோதும் நான் ஆஃபீஸ் என்றே சொன்னேன். அந்த நேரத்தில் நித்யா எப்படியோ வெளியே வந்துவிட்டாள். வால்டரின் அளவு டேப் 'சர்ர்' என்று சுருண்டு உள்ளே போக, அவள் புல்லில் விழுந்து காதைப் பொத்திக்கொண்டு கத்தினாள். சேகர் அவளைத் தூக்கப் போனார். நான் அங்கேயே நின்றபடி ஆங்கிலத்தில் சொன்னேன்: "அறை இவளுக்குத்தான். இவளுக்கு எல்லாச் சத்தமும் வலிக்கிறது. இவளுக்கு ஆட்டிசம்." மூன்றே வாக்கியம். என் அம்மாவிடம் சொல்லாததை, பெயர் மட்டுமே தெரிந்த ஒருவரிடம் சொல்லிவிட்டேன். வால்டர் டேப்பைப் பைக்குள் போட்டுக்கொண்டார். பெரிய ஜன்னல் வேண்டாம், சுவரை இரட்டையாக எழுப்பலாம், ஃபேன் இல்லாத எண்ணெய் ஹீட்டர் வைக்கலாம் என்றார். ஆனால் கையில் வேறு வேலை இருக்கிறது, தரையும் உறையப் போகிறது, வசந்தத்தில்தான் தொடங்க முடியும் என்றும் சொன்னார்.

"இன்னொரு வின்டரா? அவ தாங்க மாட்டா" என்றார் சேகர். "வால்டர்கிட்ட சொன்னதையே ரகுகிட்டயும் சொல்லிடுவோம். அவரே பண்ணிக் குடுக்கட்டும்."

சேகரே ரகுவுக்குப் போன் செய்து சொன்னார். நான் மாடியில் இருந்த எக்ஸ்டென்ஷன் போனில் கேட்டுக்கொண்டிருந்தேன். ரகு குரலைத் தாழ்த்தி, "கவலையே படாதீங்க சேகர். நான் யார்கிட்டயும் மூச்சு விட மாட்டேன். என் வொய்ஃப்கிட்டகூடச் சொல்ல மாட்டேன். வெளிய ஒருத்தருக்கும் தெரியாம முடிச்சுத் தந்துடறேன்" என்றார். அன்பாகத்தான் சொன்னார். போனை வைத்த பிறகு சேகர், "ஒளிச்சு வைக்கறதுக்கா ரூம் கட்டறோம்?" என்றார். மறுநாள் வால்டரைக் கூப்பிட்டோம்.

அந்தக் குளிர்காலம் லேசில் போகவில்லை. நித்யாவால் முடியாத நேரங்களில் ஃபர்னஸை அணைத்துவிட்டு மூவரும் ஒரே கம்பளிக்குள் கிடப்போம். ஒரு நாள் பிற்பகல், நான் துணி மடித்துக்கொண்டிருந்தபோது ஃபர்னஸ் உறுமியது. அலமாரியைத் திறந்து பார்த்தேன், அவள் இல்லை. பின்கதவு திறந்து கிடந்தது. வெறுங்காலோடு தோட்டத்துப் பனியில் நின்றுகொண்டிருந்தாள். காதிலிருந்து கைகளை எடுத்திருந்தாள். பனி விழுந்தால் எல்லாச் சத்தமும் அடங்கிவிடும் அல்லவா, அதைத் தேடிப் போயிருக்கிறாள். அவள் பாதங்களை என் வயிற்றில் வைத்துச் சூடேற்றிக்கொண்டிருந்தபோது, ரகுவுக்கே கொடுத்திருந்தால் இந்நேரம் அறை இருந்திருக்குமே என்ற ஒரே நினைப்புதான் எனக்கு. எங்கள் ரோஷத்துக்கு இந்தக் குழந்தையின் கால்களா விலை என்று சேகரிடம் கேட்டேன். அவர் எழுந்து போய்ப் பின்கதவைத் தாழிட்டார்.

வால்டர் சொன்ன வாரத்தில் வரவில்லை. வந்த பிறகும் ஆமை வேகம். தோட்டமெல்லாம் சிகரெட் துண்டுகள். கதவு சரியாகப் பொருந்தாததால் அதைக் கழற்றி மறுபடி மாட்டினார். ஆனால் ரம்பமும் சுத்தியலும் நித்யா பள்ளியில் இருக்கும் நேரத்தில் மட்டும்தான் ஒலித்தன. அறை முடிந்ததும் அவள் உள்ளே போகவே மறுத்தாள். வாசலில் நின்று சுவரை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவாள். ஒரு சனிக்கிழமை காலை தலையணையை இழுத்துக்கொண்டு தானாகவே உள்ளே போனாள். சின்ன ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். மல்லாந்து படுத்திருந்தாள். கைகள் இரண்டும் விரிந்து கிடந்தன.

அப்போது கரூரிலிருந்து போன் வந்தது. கார்ட்லெஸ் போனை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்கே வந்துவிட்டேன். எப்போ வர்றீங்க என்று அம்மா வழக்கம்போல் கேட்டாள். நான் முதன்முறையாகத் தமிழில் சொல்லத் தொடங்கினேன். "அம்மா, நித்யாவுக்குச் சத்தம் வலிக்குதும்மா. பிடிவாதம் இல்ல. நெசமாவே வலிக்குது. அது சரியாகற நோயும் இல்ல. அவளுக்குன்னு தனியா ஒரு ரூம் கட்டியிருக்கோம்."

அம்மா கேட்டாள். "இப்ப தூங்கறாளா கண்ணு?"

"படுத்திருக்காம்மா. இங்கதான், எதுக்கால இருக்கற ரூம்ல."

"செரி செரி" என்ற அம்மா, கிசுகிசுப்பாகப் பேச ஆரம்பித்தாள். கடலைத் தாண்டித் தன் குரல் அந்த ஜன்னலுக்குள் போய்விடும் என்பதுபோல. எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. வீட்டை விட்டுத் தள்ளி அறைப் பக்கம் வந்திருந்ததால் போன் வேறு கரகரத்தது. வீட்டை நோக்கி நான்கு அடி நகர்ந்தேன். அம்மாவின் குரல் தெளிந்தது, ஜன்னல் மறைந்துவிட்டது. திரும்பி வந்தேன்; நித்யா தெரிந்தாள், அம்மா கரைந்துபோனாள். புல்வெளியின் நடுவில் ஓர் இடம் அகப்பட்டது. அங்கே நின்றால் அம்மாவின் பேச்சில் பாதி கேட்டது, மகளின் ஒரு கை மட்டும் தெரிந்தது. போனைக் காதோடு அழுத்திக்கொண்டு அந்த இடத்திலேயே அசையாமல் நின்றேன்.